'இங்கே வா': துரைமார் பயின்ற தமிழ்

பிறமொழியொன்றைக் கற்கப் புகுவோனுக்கு எழுத்தும் இலக்கணமும் தரும் இடர் பெரிதன்று. அவற்றைக் கடந்தபின் எதைப் படிப்பது என்பதே அவனைத் திகைக்கவைக்கும் வினா. இலகுவான நூல் சுவையற்றிருக்கும். சுவையான நூல் எட்டாது. தமிழ் பயின்ற ஐரோப்பியர் இவ்வினாவுக்குக் கண்ட விடைகளுள் இரண்டு ஒப்புநோக்கத்தக்கவை.

வீரமாமுனிவரின் பரமார்த்த குருவின் கதை தமிழ் பயிலும் பாதிரிமாருக்கும் பயன்படவென எழுந்தது. 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் அதனை இலண்டனிற் பதிப்பித்தபோது மொழிபெயர்ப்பும் சொற்கோவையும் முதற்கதையின் பகுப்பாய்வும் சேர்த்தமை கற்போரைக் கருதியே. ஆற்றைக் கடந்த சீடர், எண்ணுபவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஒருவன் மாண்டான் எனப் புலம்புகின்றனர். மாணவன் எண்ணுப்பெயரைச் சிரித்துக்கொண்டே கற்கிறான்.

இலங்கை மலையகத்தில் நிகழ்ந்தது வேறு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சின்னத்துரைமாருக்கெனக் கொழும்பில் வெளிவந்த கையடக்க வழிகாட்டியின் பெயரே 'இங்கே வா'. ஏவல் ஒருமையே நூலின் வாயில். 1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் வெளியிட்ட 'கூலித் தமிழ்', தேயிலை, இறப்பர்த் தோட்டத் தொழிலாளர் விளங்கிக்கொள்ளும் தமிழ் எனத் தன்னைத் தலைப்பிலேயே அறிமுகம் செய்கிறது.

வழக்குமொழியை ஏட்டிலேற்றிய முயற்சி என இத்தகைய நூல்களைப் பாராட்டலாம். அதில் உண்மையும் உண்டு. நன்னூல் கற்று வந்த துரை பிரட்டுக் களத்தில் விழித்தே நின்றிருப்பான். ஆயின் தொழிலாளர் விளங்கிக்கொள்ளும் தமிழ் வேறு, அவர் பேசும் தமிழ் வேறு. முன்னையது கேட்டு நடப்பதற்குரியது. லயத்துத் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் காமன்கூத்திலும் வழங்கிய தமிழ் துரையின் தேவைக்கு அப்பாற்பட்டதாயிற்று. 'துண்டு' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, தொழிலாளியின் கடனைத் தீர்த்தால் அவரை விடுவிப்பதாகத் துரை எழுதிக்கொடுத்த சீட்டு அது. சொற்பட்டியலில் அதன் பொருளை ஒரு வரியில் அறியலாம். கடனோடு கைமாறிய குடும்பம் என்ன பாடுபட்டது என்பதை அறிய இயலாது.

துரைக்கு வேறு பாடநூல் கிடைக்கவில்லை என்பதும் பொருந்தாது. அச்சில் இல்லாவிடினும் அது நாள்தோறும் அவன் காதிற் பட்டது. மடக்கொம்பரையிற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை பிற்காலத்தில் திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்களை நோக்குக. குறுகிய அடி, திரும்பத் திரும்ப வரும் சொல், கண்முன் நிற்கும் பொருள் ஆகிய தொடக்க வாசகனுக்கு வேண்டிய மூன்றும் அவற்றில் உள. துரையைப் பற்றித் தொழிலாளர் கொண்ட கருத்தும் உண்டு. அதனை அவன் விரும்பியிருப்பானா என்பது வேறு.

1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. நுவரெலியாவிலும் ஹற்றனிலும் தமிழ் கற்கும் சிங்கள அலுவலருக்கு 'இங்கே வா' இன்று உதவாது. எனினும் படிவம், கையொப்பம், வரிசை என்பவற்றோடு நின்றுவிடும் பாடம் ஏவலை மரியாதைப் பன்மையாக்கியதன்றி வேறெதுவும் செய்யவில்லை. கொழுந்து பறிப்போர் பாடும் பாட்டொன்றை அவர் முதல் மாதத்திலேயே படிக்கக்கூடும். விளங்காத சொல்லின் பொருளை மேசைக்கு எதிரே நிற்கும் அம்மாவிடமே கேட்கலாம்.