செப்பில் எழுந்த கொல்லிமலை

1792இல் சேலம் சீமையும் பாராமகாலும் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்குப் போயின. நிலத்தை அளக்க ஆள் வந்தது, வரி வாங்க வேண்டுமே! பாராமகாலை ஜான் மாதர் அளந்தார். 1802இல் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் என்ற அளவையாளர் தொடங்கிய முக்கோண அளவை தெற்கெங்கும் பரவியது.

அந்த அளவைகள் லண்டனில் வரைபடக்காரர் ஆரோன் ஆரோஸ்மித்திடம் படமாயின. 1822இல் வெளிவந்த அவருடைய தென்னிந்திய அட்லஸ் 18 தாள்கள் கொண்டது. அளவு, அங்குலத்துக்கு நான்கு மைல்.

அதில் ரசிக்க வேண்டியது படத்தைத் தகட்டில் செதுக்கியவரின் கையை. செப்புத் தகட்டில் ஊர்ப்பெயரும் ஆறும் இடவலம் மாறி விழ வேண்டும். தகட்டில் மை பூசித் துடைத்து, ஈரத்தாளோடு உருளைகளுக்கிடையே அழுத்தினால், கீறலுக்குள் தங்கிய மை மட்டும் தாளில் ஏறும்.

இந்தப் படத்தில் மலைக்குச் சம உயரம் காட்டும் சமோச்சக் கோடு கிடையாது. சரிவு இறங்கும் திசையில் சிறு கீறல்கள்தான். செங்குத்தான இடத்தில் தடித்து நெருங்கும், சாய்வு தணிந்தால் இளைக்கும். கொல்லிமலை இந்த முறைக்கென்றே பிறந்ததுபோல. நாமக்கல் சமவெளியிலிருந்து சடாரென எழும்பி, உச்சியில் மேட்டுநிலமாக விரிகிறது. சுற்றிலும் கருமை, நடுவே வெள்ளைத்தாள்: உயரம் தெரிந்துவிடும். எத்தனை அடி என்று மட்டும் கேட்கக் கூடாது.

நிலம் அளக்கச் சங்கிலி இழுத்த நம்மூர் லஸ்கர்களுக்குப் படத்தின் மூலையில்கூட இடமில்லை. ஆரோஸ்மித்தின் அட்லஸுக்குப் பிறகு, 1827 முதல், ஜான் வாக்கர் செதுக்கிய இந்திய அட்லஸ் தாள்கள் அதே நான்கு மைல் அளவில் வெளிவரலாயின.