ஆளும் மாதமும்: மென்பொருள் தொழில் பற்றிய மூன்று நூல்கள்

ஒரு சமுதாயம் தன் தொழில்களை எவ்வாறு மதிக்கிறது என்பதை அதன் இலக்கியத்திலே காணலாம். சங்கச் சான்றோர் அரசரை மட்டும் பாடினாரல்லர். உப்பு வண்டி ஓட்டிய உமணரையும், கடல்மேற் சென்ற பரதவரையும், தினைப்புனம் காத்த மகளிரையும் பாடினர். தொழில் செய்யும் கையைக் கண்டதோடு நில்லாமல், அக்கைக்குரியவரின் நெஞ்சையும் கண்டனர்.

நம் காலத்தில் தோன்றி வளர்ந்த தொழில்களுள் ஒன்று மென்பொருள் ஆக்கம். கணினி என்னும் பொறி இன்னது செய்க, இன்னது செய்யற்க என்று அதற்குக் கட்டளை எழுதித் தருவதே அத்தொழில். அக்கட்டளைத் தொகுதியை நிரல் என்றும், அதை எழுதுவோரை நிரலர் என்றும் கூறுகிறோம். நன்கு படிக்கும் மாணவர் பலர் அத்தொழிலை நாடுகின்றனர். பெற்றோரும் அதனையே விரும்புகின்றனர். ஆனால், அத்தொழிலாளரின் ஒரு நாள் எவ்வாறு தொடங்கி எவ்வாறு முடிகிறது என்று கேட்டால், விடை கூற வல்லார் நம்முள் மிகச் சிலரே. அத்தொழிலின் சம்பளத்தை அறிந்த அளவிற்கு அதன் வேலையை நாம் அறிந்திலோம்.

இக்குறையை ஒருவாறு நீக்கவல்ல நூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றுள் மூன்றை ஈண்டு எடுத்துக்கொள்வோம். ஒன்று, பிரடெரிக் புரூக்ஸ் எழுதி 1975இல் வெளிவந்த ‘தி மிதிக்கல் மேன்-மந்த்’. ‘ஆள்-மாதம் என்னும் பொய்க்கணக்கு’ என்று அதன் பெயரைத் தமிழிற் கூறலாம். மற்றொன்று, டிரேசி கிடர் 1981இல் வெளியிட்ட ‘தி சோல் ஆப் எ நியூ மெஷின்’. அதாவது, ‘புதிய பொறியின் ஆன்மா’. மூன்றாவது, எலன் உல்மன் 2003இல் வெளியிட்ட ‘தி பக்’ என்னும் புதினம். நிரலில் நேரும் பிழையை அச்சொல் குறிக்கும். முதல் நூல் கட்டுரைத் தொகுதி. இரண்டாவது நடந்த வரலாறு. மூன்றாவது கற்பனைக் கதை. வகையால் வேறுபட்டாலும், தொழிலாளியின் காலம் யாருடையது என்னும் ஒரே வினாவை மூன்றும் சுற்றி வருகின்றன. அவ்வினாவையே உரைகல்லாகக் கொண்டு இவற்றை நோக்குவோம்.

கணக்கு அறிந்தவர்

புரூக்ஸ் கரையில் நின்று வெள்ளத்தைப் பற்றி எழுதியவர் அல்லர். ஐ.பி.எம். நிறுவனம் 1964ஆம் ஆண்டு ஏப்ரலில் அறிவித்த ‘சிஸ்டம்/360’ கணினி வரிசையின் ஆக்கத்தை முன்னின்று நடத்தியவர். அதனை இயக்குவதற்குரிய ‘ஓ.எஸ்./360’ என்னும் பெரிய மென்பொருளின் பணியையும் மேற்பார்த்தவர். அம்மென்பொருள் குறித்த நாளில் முடியவில்லை. மதிப்பிட்ட செலவிலும் அடங்கவில்லை. அதன்பின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக அமர்ந்த அவர், தாம் நடத்திய பணி ஏன் தடுமாறிற்று என்று ஆராய்ந்தார். அதன் பயனே இந்நூல். தம் தவற்றையே பாடமாக்கிப் பிறர்க்கு உரைத்தமையால், அவர் சொல்லுக்குத் தனி வலிமை உண்டு.

நெல் வயல் ஒன்றை ஒருவர் பத்து நாளில் அறுப்பாரானால், பதின்மர் கூடி ஒரே நாளில் அறுத்துவிடலாம். நிரல் எழுதும் வேலையையும் மேலாளர் இவ்வாறே கணக்கிடுகின்றனர். ஆளையும் மாதத்தையும் பெருக்கி, ஆள் குறைந்தால் மாதத்தைக் கூட்டலாம், மாதம் குறைந்தால் ஆளைக் கூட்டலாம் என்று எண்ணுகின்றனர். இக்கணக்கு பொய் என்பதே புரூக்ஸ் நாட்டும் கருத்து. ஒருவர் எழுதும் பகுதி மற்றவர் எழுதும் பகுதியோடு பொருந்த வேண்டும். பொருந்த வேண்டுமாயின் ஒருவரோடொருவர் பேசித் தெளிய வேண்டும். மூவர் கூடினால் இருவர் இருவராகப் பேச வேண்டிய தொடர்புகள் 3. பதின்மர் கூடினால் அவை 45. புதிதாக வந்தவர்க்குக் கற்பிக்கும் சுமையோ முன்பே வேலை செய்பவர் தலையில் விழுகிறது. ஆகவே, தாமதமான பணிக்கு மேலும் ஆள் சேர்த்தால் தாமதமே மிகும் என்கிறார். எத்தனை பெண்களை அமர்த்தினாலும் பிள்ளைப்பேற்றுக்குரிய ஒன்பது மாதம் குறையாது என்பது அவர் காட்டும் உவமை.

ஆளை அறிந்து வினையை ஒப்புவித்தல் பற்றி, ‘தெரிந்துவினையாடல்’ எனத் தனி அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். எல்லா ஆளும் ஓர் ஆளே என்னும் கணக்கு நமக்கும் உடன்பாடன்று. அந்த வகையில் புரூக்ஸின் கருத்து தமிழ் நெஞ்சுக்குப் புதிதாகத் தோன்றாது.

காலத்தைப் பகிர்வதற்கும் அவர் ஓர் அளவு கூறுகிறார். முழுக் காலத்தில் 3இல் 1 பங்கு திட்டமிடுவதற்கு. 6இல் 1 பங்கு நிரல் எழுதுவதற்கு. எஞ்சிய பாதி, எழுதியதைச் சோதித்துத் திருத்துவதற்கு. நிரலர் வேலை நாள் முழுவதும் நிரல் எழுதுவதே என்று கருதுவோர் இவ்வளவை மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். பிழை ஒன்றைத் திருத்தும்போது புதுப்பிழை ஒன்று புகும் வாய்ப்பு 100க்கு 20 முதல் 50 வரை உண்டு என்றும் அவர் எச்சரிக்கிறார்.

பதவி உயர்வு பற்றி அவர் கூறுவதும் எண்ணத்தக்கது. சிறந்த நிரலரை மேலாளராக்கி, அதனையே உயர்வு என்று கொண்டாடுவது நிறுவனங்களின் வழக்கம். தொழிலறிவுக்கு ஓர் ஏணி, நிர்வாகத்துக்கு ஓர் ஏணி என இரண்டும் ஒத்த மதிப்புடன் இருத்தல் வேண்டும். தொழிலறிவு ஏணியிலிருந்து நிர்வாக ஏணிக்குச் செல்வதை இடமாற்றம் எனலாமே யன்றி உயர்வு எனலாகாது. அதற்காக ஊதியமும் கூட்டலாகாது என்கிறார் புரூக்ஸ். வகுப்பறையில் வல்லவரான ஆசிரியரைத் தலைமையாசிரியராக்கிக் கோப்புகளுக்கிடையே அமர்த்துவதைக் கண்டவர்கள் இதன் உண்மையை உணர்வர்.

குறையும் உண்டு. நூல் முழுவதும் மேலாளரின் நாற்காலியிலிருந்தே எழுதப்பட்டது. அறுவை மருத்துவர் ஒருவர் கத்தியை ஏந்த, ஏனையோர் துணை நிற்பதுபோல் நிரலர் குழுவும் அமைய வேண்டும் என்று ஒரு முறையை அவர் எடுத்துரைக்கிறார். அக்குழுவில் துணை நிற்கும் இளைஞன் எப்போது மருத்துவனாவான் என்னும் வினாவுக்கு அங்கே போதிய விடையில்லை. எனினும், 1995இல் வந்த பதிப்பில், தாம் முன்பு கூறியவற்றுட் சில பிழையென வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இருபது ஆண்டுகள் புகழ்பெற்ற நூலைத் திருத்திக்கொள்ளும் துணிவு எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

கதை சொல்ல வல்லவர்

கிடர் நிரலர் அல்லர், எழுத்தாளர். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ‘டேட்டா ஜெனரல்’ நிறுவனத்திற் புதுக் கணினி ஒன்றை உருவாக்கிய குழுவினருடன் பழகி, கண்டதை எழுதினார். ‘டி.இ.சி.’ நிறுவனம் 1977இல் வெளியிட்ட ‘வாக்ஸ்’ கணினிக்குப் போட்டியாக எழுந்தது அம்முயற்சி. பொறியின் உறுப்புகளை அமைத்தோர் ஒரு பிரிவினர். அப்பொறியின் அடிமட்டத்து நுண்கட்டளைகளை எழுதியோர் மற்றொரு பிரிவினர். பலர் கல்லூரியிலிருந்து அப்பொழுதுதான் வெளிவந்த இளைஞர். குழுவின் தலைவர் டாம் வெஸ்ட். நூலுக்கு 1982இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

கிடரின் நடை தெளிந்த நீரோடை போன்றது. கடினமான பொறிநுட்பத்தையும் கதையாக்கும் ஆற்றல் அவரிடம் உண்டு. போட்டி நிறுவனத்தின் கணினியை வெஸ்ட் திறந்து பார்க்கும் காட்சியை ஒன்று கூறலாம். அதன் உள்ளமைப்பிலே அந்நிறுவனத்தின் நிர்வாக அமைப்பையே அவர் கண்டாராம். மனிதர் கூடி வாழும் முறை அவர்கள் செய்யும் பொருளிற் படியும் என்னும் பேருண்மை அங்கே ஒரு பத்தியில் விளங்கிவிடுகிறது.

அக்குழுவிற் சேர்ந்தவர்கள் இரவு பகல் பாராது உழைப்பதாகத் தம் மனத்துக்குள்ளேயே உறுதி பூண்டனர். யாரும் அடித்து வேலை வாங்கவில்லை. மிகுதி நேரத்துக்கு மிகுதிக் கூலியும் இல்லை. பந்து விளையாட்டுப் பொறியில் வென்றவனுக்குக் கிடைக்கும் பரிசு மீண்டும் ஓர் ஆட்டம் என்பதுபோல், இக்கணினியை முடித்தவர்க்குக் கிடைக்கும் பரிசு அடுத்த கணினியை ஆக்கும் வாய்ப்பே என்று அவர்கள் பேசிக்கொண்டனர். நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கைக் கணக்கிட்டு வாழ்ந்த இளைஞர் ஒருவர், பருவங்களால் மட்டும் காலத்தை எண்ணும் வாழ்வை நாடிச் செல்வதாக ஒரு குறிப்பு வைத்துவிட்டு, வெர்மான்டு மாநிலத்துக் கூட்டுக்குடியிருப்புக்குப் போய்விட்டார். நூலில் மறக்க இயலாத இடம் அது.

ஆயினும் கிடர் அவ்விடத்தில் நில்லாமல் விரைந்து கடந்துவிடுகிறார். வெஸ்டின் ஆளுமை அவரை மயக்கிவிட்டது. அந்த இளைஞர்கள் வீட்டில் இல்லாத இரவுகளில் வீட்டிலிருந்தோர் என்ன எண்ணினர் என்பது மிக அரிதாகவே கேட்கிறது. 1980இல் கணினி வெளிவந்தபோது, அதை ஆக்கியவர்களின் கையைவிட்டு அது விற்பனையாளர் கைக்குப் போய்விட்டதையும் அவரே காட்டுகிறார். நூல் முடிவதும் விற்பனையாளர் பேச்சோடுதான். அம்முடிவின் கசப்பை உணராமல், இரவு விழிப்பையே வீரம் எனக் கொள்ளும் இளைஞர்க்கு இந்நூல் தவறான வழிகாட்டியாகிவிடும்.

துயர் அறிந்தவர்

உல்மன் பல்லாண்டு நிரலராகவே பணியாற்றியவர். அவர் புதினம் 1984இல் ஒரு சிறு நிறுவனத்தில் நடப்பதாக அமைந்தது. மொழியியலில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றும் கல்லூரி வேலை கிட்டாத ராபர்ட்டா என்னும் பெண், மென்பொருளைச் சோதிக்கும் பணியில் அமர்கிறாள். அவள் ஒரு பிழையைக் காண்கிறாள். அதைத் திருத்தும் பொறுப்பு ஈத்தன் என்னும் நிரலனைச் சார்கிறது. 1017 என எண்ணிடப்பட்ட அப்பிழை, தேடும்போது மறைகிறது. பிறர் முன்னிலையிற் பொறியை இயக்கிக் காட்டும்போது தோன்றி மானத்தை வாங்குகிறது. மாதங்கள் கழிகின்றன. ஈத்தனின் இல்லற வாழ்வு சிதைகிறது, உறக்கம் கெடுகிறது, இறுதியில் அவனே அழிகிறான்.

தமிழாசிரியர் இந்நூலை விரும்பிப் படிக்கக் காரணம் ஒன்று உண்டு. பிழையை நெருங்குவதற்கு ராபர்ட்டாவிற்கு உதவுவது மொழி பயின்ற மனமே. நிரலையும் ஒரு மொழியாகக் கற்க முற்படுகிறாள். எழுதியவன் சொல்ல நினைத்ததும், சொற்கள் உண்மையிற் சொல்வதும் வேறு வேறு என்பது உரையாசிரியர் அறிந்த செய்தியன்றோ? மேலும், சோதிப்பவரை நிரலர் இகழ்வதும், இகழப்பட்டவர் மனம் கறுப்பதும் நூலில் உண்மையாகப் புனையப்பட்டுள்ளன.

இதிலும் குறை உண்டு. பொறிநுட்ப விளக்கங்கள் சிலவிடத்துக் கதையைத் தடுக்கின்றன. ஈத்தனின் இருளே நூலை முழுதும் மூடுவதால், பிழையொன்று அகப்பட்டபோது எழும் எளிய மகிழ்ச்சிக்கு இடம் போதவில்லை. அம்மகிழ்ச்சி இல்லையேல் எவரும் அத்தொழிலில் நீடிக்கமாட்டார்.

ஒப்பு நோக்கு

காலத்தைக் கணக்கிட்டவர் புரூக்ஸ். காலத்தை ஈந்தவரைப் புகழ்ந்தவர் கிடர். காலத்தோடு தன்னையும் இழந்தவனுக்கு இரங்கியவர் உல்மன். இலக்கிய நயத்தால் கிடரின் நூலே சிறந்தது. ஆயினும், முதலிற் படிக்க வேண்டியது புரூக்ஸின் நூல் என்பதே எம் முடிபு. மேலாளரின் பொய்க்கணக்கு இன்னதென்று அறிந்தவனே, அக்கணக்கின் பற்றாக்குறையை இளைஞரின் உறக்கத்தால் நிரப்புவதே ‘வீரம்’ எனப்படுகிறது என்பதைக் கிடரிடம் கண்டுகொள்வான். அதன் விலை என்ன என்பதை உல்மனிடம் அறிவான்.

விரும்பிச் செய்யும் வேலைக்கு நேரம் பார்க்கலாமா என்று சிலர் வினவலாம். விருப்பம் உண்மையே. ஆயின், விரும்புகிறான் என்பதற்காக ஒருவனுடைய காலத்தைக் கணக்கில் எழுதாமல் விடுவது முறையன்று. தொழிலாளரே இதனை உணர்ந்தனர். 2001இல் யூட்டா மாநிலத்திற் கூடிய 17 பேர் மென்பொருள் ஆக்கம் பற்றி வெளியிட்ட கொள்கைகளுள் ஒன்று, களைக்காமல் என்றும் தொடரத்தக்க ஒரே சீரான வேகத்திற் பணி நடக்க வேண்டும் என்பதாகும்.

இன்று கணினியே நிரல் எழுதத் தொடங்கிவிட்டது. இனி இத்தொழில் நிலைக்குமா என்று மாணவர் கேட்கின்றனர். புரூக்ஸின் அளவில், எழுதுவதற்குரியது 6இல் 1 பங்கே என்பதை அவர்க்கு நினைவூட்டலாம். அப்பங்கு சுருங்கினாலும், இன்னது வேண்டும் என்று தெளிவதும், பிறரோடு பேசி ஒப்பச் செய்வதும், வந்தது சரிதானா என்று ஆராய்வதும் எஞ்சி நிற்கும். தொழிலின் உள்ளார்ந்த கடினம் கருத்தை அமைப்பதில் உள்ளதே யன்றி எழுதுவதில் இல்லை என்று 1986இல் எழுதிய கட்டுரை ஒன்றிலும் அவர் வற்புறுத்தினார். தெளியச் சிந்தித்தல், தெளியச் சொல்லுதல், பிறர் எழுதியதை ஊன்றிப் படித்தல் ஆகிய மூன்றும் மொழி வகுப்பில் நாம் நாள்தோறும் கற்பிப்பவையே.

ஆதலின், இத்தொழிலுக்குச் செல்லும் மாணவனை ஆசிரியர் வாழ்த்தி அனுப்பலாம். வாழ்த்துவதோடு இன்னொன்றும் சொல்லியனுப்புக: அறிவைக் கொடு, உழைப்பைக் கொடு, ஆனால், உன் இரவுகளை எவர் எந்தக் கணக்கில் எழுதுகிறார் என்று கேட்கத் தயங்காதே.