தாகூரின் 'சாகரிகா': தெரிகிறதா என்னை?

1927 ஆகஸ்டில் தாகூர் பாலித்தீவுக்குப் போனார். மொழியியலறிஞர் சுநீதிகுமார் சட்டர்ஜியும் ஓவியர் சுரேந்திரநாத் கரும் கூடச் சென்றனர். ஒருநாள் கராங்காசெம் அரசரோடு மோட்டார் காரிலே பயணம். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. தூரத்தில் கடல் தெரிந்ததும் அரசர் "சமுத்திரம்" என்றார். பிறகு சாகரம் என்று தொடங்கி அதற்கான வடசொற்களை அடுக்கினார். மலைகள், நதிகளின் பெயர்களும் வந்தன. கவிஞருக்குப் பெரிய சந்தோஷம்.

இந்தக் காட்சியைப் பண்பாட்டுப் பரிமாற்றம் என்று மெச்சுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விருந்தாளியின் வீட்டுச் சாமானையே எடுத்து அவருக்குக் காட்டியிருக்கிறார் அரசர், அவ்வளவுதான். எங்கள் ஊர்களுக்கு வருகிறவர்களும், அரபு நாட்டவரென்றாலும் தமிழ்நாட்டவரென்றாலும், எங்களிடத்தில் தங்களைத்தானே தேடுகிறார்கள்! நாமும் அவர்கள் கேட்பதையே எடுத்து வைக்கிறோம்.

முண்டுக் என்ற மலைக்கிராமத்திலே தங்கி அவர் கடிதம் எழுதினார். பிறகு யாவா. இலங்கை மலாய் முஸ்லிம்களின் மூதாதையரிற் பலர் ஒல்லாந்தர் காலத்தில் அங்கிருந்து வந்தவர்கள். யாவா மக்களிற் பெரும்பாலோர் அன்றே முஸ்லிம்கள். ராமாயண, பாரதக் கதைகளைத் தோற்பாவையிலும் நடனத்திலும் ஆடிக் காட்டியவர்களும் அவர்களே. இந்தக் கூத்துகளில் கவிஞர் மனம் பறிகொடுத்ததைக் கடிதங்கள் சொல்கின்றன. அங்கே பழைய இந்தியா எவ்வளவு மிச்சம் என்று அளப்பதை விட, கலிமாச் சொன்ன மனிசர் அக்கதைகளை ஏன் விடவில்லை என்று கேட்பதுதான் எனக்கு முக்கியம்.

சூடான மெழுகால் துணியிலே கோலமிடும் பற்றிக் கைவேலை இப்பயணத்தின் பின் சாந்திநிகேதனில் வேர்கொண்டது. யாவாக்காரரின் கைப்பழக்கத்தை வங்காளம் கற்றுக்கொண்டது. கொடுக்கல் வாங்கல் என்றால் இதைச் சொல்லலாம்.

'சாகரிகா' இப்பயணத்திலே பிறந்த கவிதை. கடற்கரையில் ஒரு பெண். கடல் தாண்டி ஒருவன் வருகிறான். முதலில் முடியும் வில்லும் தரித்த அரச கோலம். அவள் பயந்து எழுந்து, ஏன் வந்தாய் என்று கேட்கிறாள். இந்தியாவை ஆணாகவும் தீவைப் பெண்ணாகவும் வைத்தது எனக்கு உவப்பில்லை. ஆனாலும் கடிதங்களை விடக் கவிதை நேர்மையானது. கடைசித் தடவை அவனிடம் முடியில்லை, வில்லில்லை, வீணை மாத்திரம். என்னைத் தெரிகிறதா பார் என்கிறான். அதோடு கவிதை முடிந்துவிடுகிறது. அவள் வாயில் ஒரு பதிலை வைக்காமல் விட்டார் தாகூர்.