மற்றும் பலர்: பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களும் நெல்லைச் சீமையும்

கொலைக்கும் குண்டுவெடிப்புக்கும் பொதுவான தண்டனைச் சட்டத்திலேயே தூக்குவரை தண்டனை உண்டு. எனவே பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் ‘சிறப்பு’ எது என்று தேடினால், அது தண்டனையின் கடுமையில் அகப்படாது. ஜாமீன் கிடைக்கும் விதம், போலீசிடம் தந்த வாக்குமூலத்தின் மதிப்பு, குற்றப்பத்திரிகை இல்லாமல் உள்ளே வைத்திருக்கக்கூடிய நாள்கள், அமைப்புகளைத் தடைசெய்யும் அதிகாரம் ஆகிய நான்கு இடங்களில்தான் இச்சட்டங்கள் வழக்கமான நடைமுறையை மாற்றுகின்றன. தடா (1985–1995), பொடா (2002–2004), இன்று நடப்பிலுள்ள சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் (1967, வழக்கில் ‘ஊபா’) மூன்றின் பலமும் பழுதும் இந்த நான்கு இடங்களிலேயே இருக்கின்றன. இவற்றின் முன்வரலாற்றிலிருந்து இன்றைய நிலைவரை பெரும்பாலான கட்டங்களுக்கு ஒரு வழக்கையாவது தாமிரபரணிக் கரையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் காணலாம்.

1908 மார்ச் 12 அன்று வ.உ. சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரும் திருநெல்வேலியில் கைதானார்கள். பிபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடியதை அடுத்து, நன்னடத்தைக்கு ஜாமீன் கேட்கும் பிரிவைக் கலெக்டர் விஞ்ச் கையில் எடுத்திருந்தார். நடந்த குற்றத்துக்கான பிரிவு அல்ல அது. இனி நடந்துவிடுமோ என்ற அச்சத்துக்கான பிரிவு. மறுநாள் ஊர் கொந்தளித்தது. நகராட்சி அலுவலகமும் காவல் நிலையமும் தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். பிறகு ஊருக்குள் தண்டப் போலீஸ் நிறுத்தப்பட்டு, அதன் செலவு ஊராரின் தலையிலேயே வரியாக விழுந்தது. கல்லெடுத்தவர் யார், எடுக்காதவர் யார் என்று பிரித்துப் பார்க்கும் சிரமம் அரசுக்கு இல்லாமல் போனது. ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை, ஆக 40 ஆண்டு விதித்தார். மேல்முறையீட்டில் அது 6 ஆண்டாகக் குறைந்தது.

வ.உ.சி. மீதான வழக்கு சாதாரணச் சட்டப்படியே நடந்தது. சிறப்புச் சட்டம் அதே ஆண்டு டிசம்பரில், வங்காளத்துப் புரட்சிக் குழுக்களை மனத்தில் வைத்து இயற்றப்பட்டது. 1908-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டமான அதற்கு இரண்டு பகுதிகள். ஜூரி இல்லாமல் மூன்று உயர் நீதிமன்ற நீதிபதிகள் விசாரிக்க முதல் பகுதி வழிசெய்தது. எந்தச் சங்கத்தையும் சட்டவிரோதமென அறிவிக்கும் அதிகாரத்தை இரண்டாம் பகுதி அரசுக்கு அளித்தது. 1911 ஜூன் 17-இல் மணியாச்சி ரயில் சந்திப்பில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றதும் முதல் பகுதிக்கு நெல்லையில் வேலை வந்தது. தலைமை நீதிபதி ஆர்னால்டு வொயிட், நீதிபதிகள் அய்லிங், சங்கரன் நாயர் ஆகியோர் 14 பேரை விசாரித்தனர். முதல் எதிரி நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 ஆண்டு கிடைத்தது, சிலர் விடுதலையானார்கள். காலனி அரசின் நீதிமன்றம்தான் அது. ஆனாலும் ஓராண்டுக்குள், உயர் நீதிமன்ற நீதிபதிகள் மூவர் முன்னிலையில், காரணங்களை எழுதிவைத்து வழக்கு முடிந்தது. பின்னாளில் விசாரணை தொடங்கவே ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடந்தவர்களை நினைத்தால் இது பொறாமைப்படத்தக்க வேகம்.

இரண்டாம் பகுதிக்கு ஆயுள் நீளம். சுதந்திரம் வந்த பிறகும் அது செத்துப்போகவில்லை. கம்யூனிஸ்டுகள் வேட்டையாடப்பட்ட 1948–51 ஆண்டுகளில், அதாவது ஸ்ரீவைகுண்டத்துக்காரரான இரா. நல்லகண்ணு நெல்லைச் சதி வழக்கில் சிறைப்பட்ட காலத்தில், சென்னை அரசு அந்த 1908 சட்டத்தைத் திருத்திக் கூர்தீட்டியது. மக்கள் கல்விக் கழகம் என்ற அமைப்பு 1950-இல் அதன்படி தடைசெய்யப்பட்டது. கழகத்தின் பொதுச்செயலாளரான வழக்கறிஞர் வி.ஜி. ராவ் வழக்குத் தொடுத்தார். ஒரு சங்கம் ஆபத்தானதா என்பதை நீதிமன்ற விசாரணை இல்லாமல் அரசின் மனநிறைவு மட்டுமே தீர்மானிக்க முடியாது என்று 1952 மார்ச் 31-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைச் செல்லாததாக்கியது. 1967-இல் ஊபா இயற்றப்பட்டபோது, தடை அறிவிப்பை உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான தீர்ப்பாயம் ஆறு மாதத்துக்குள் ஆராய வேண்டும் என்ற விதி இடம்பெற்றதற்கு இந்தத் தீர்ப்பே பின்னணி.

அந்த விதியைக் கடந்துசெல்ல 2004-இல் இன்னொரு வாசல் திறக்கப்பட்டது. ‘சட்டவிரோத அமைப்பு’ என்றால் தீர்ப்பாயம் உண்டு. ‘பயங்கரவாத அமைப்பு’ என்று சட்டத்தின் அட்டவணையில் சேர்த்துவிட்டாலோ தீர்ப்பாயம் கிடையாது. அரசிடமே மனுக்கொடுத்து, பிறகு மறுஆய்வுக் குழுவை நாட வேண்டும். 2019 முதல் தனிநபரையும் இப்படிப் பட்டியலிடலாம். குற்றச்சாட்டு கனமாகக் கனமாகப் பாதுகாப்பு மெலிகிறது. வி.ஜி. ராவ் வென்றெடுத்த கொள்கை, அது மிகவும் தேவைப்படும் இடத்தில் இல்லை.

சட்டத்தின் தேவையை மறுப்பதற்கில்லை. 2020 ஜனவரி 8 இரவு, நெல்லைக்குத் தெற்கே களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் காவலில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். மாநில எல்லைகளைத் தாண்டி நீளும் இத்தகைய வழக்குகளில் ஒரு தாலுகா காவல் நிலையம் என்ன செய்துவிட முடியும்? வழக்கு தேசியப் புலனாய்வு முகமைக்கு (என்.ஐ.ஏ.) போனது. பணப்போக்கைத் தடம்பிடிப்பது, பல மாநிலங்களில் ஒரே கையால் விசாரிப்பது, சாட்சிகளின் அடையாளத்தைக் காப்பது ஆகியவற்றில் சிறப்புச் சட்டத்தின் பயன் உண்மையானது. தடா, பொடாவோடு ஒப்பிட்டால் ஊபா ஒரு முக்கியமான இடத்தில் திருந்தியும் இருக்கிறது. போலீஸ் அதிகாரியிடம் தந்த வாக்குமூலத்தை அது சாட்சியமாக ஏற்பதில்லை.

அந்தத் திருத்தம் எவ்வளவு பெரியது என்பதை ராஜீவ் காந்தி கொலை வழக்கு காட்டும். 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999 மே 11-இல் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. அந்தக் கொலை தடா சொல்லும் பயங்கரவாதச் செயலே ஆகாது என்றும் அது தீர்மானித்தது. எனில் தடாப்படி பெற்ற வாக்குமூலங்கள்? அவை செல்லும் என்றது. நோய் இல்லை என்று சொன்ன பிறகும் அதற்குக் கொடுத்த மருந்து உடம்பில் தங்கிய கதைதான். பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்த அதிகாரி, அவர் சொன்னதில் ஒரு பகுதியைத் தாம் எழுதவில்லை என்று பல ஆண்டுகள் கழித்து வெளிப்படையாகச் சொன்னார். பேரறிவாளன் விடுதலையானது 2022 மே 18-இல். கைதாகி ஏறத்தாழ 31 ஆண்டுகளுக்குப் பிறகு.

பொடாவின் பழுது இன்னொரு வகை. அது பேச்சைத் தொட்டது. அன்றைய நெல்லை மாவட்டத்துக் கலிங்கப்பட்டியில் பிறந்த வைகோ, 2002 ஜூன் 29-இல் திருமங்கலம் பொதுக்கூட்டத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார். ஜூலை 11-இல் அமெரிக்காவிலிருந்து சென்னை விமான நிலையத்தில் இறங்கியதும் கைதானார். வேலூர் சிறையில் 19 மாதங்கள். அதே ஆண்டு மார்ச்சில் நாடாளுமன்றக் கூட்டுக்கூட்டத்தில் பொடா நிறைவேறியபோது அதை ஆதரித்த ஆளும் கூட்டணியில் அவருடைய மதிமுகவும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. எதிரிகளுக்கென்று நினைத்து ஆதரிக்கும் சட்டத்தின் வாசகத்தில் எதிரியின் பெயர் எழுதியிருக்காது.

இதற்கிடையே, பொடாவை எதிர்த்து மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பியுசிஎல்) தொடுத்த வழக்கில் 2003 டிசம்பர் 16-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் செல்லும், ஆனால் பயங்கரவாதச் செயலை ஊக்குவிக்கும் நோக்கம் இல்லாத வெறும் ஆதரவுச் சொல் குற்றமாகாது என்று அது வரம்பு கட்டியது. வைகோ 2004 பிப்ரவரியில் ஜாமீனில் வந்தார். நல்ல வரம்புதான். ஆனால் அது வகுக்கப்பட்டபோது அவர் உள்ளே ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழித்திருந்தார். இச்சட்டங்களில் இன்று உள்ள பாதுகாப்புகளைப் பட்டியலிட்டால் ஏறக்குறைய ஒவ்வொன்றின் பின்னாலும் இப்படி யாரோ ஒருவர் இழந்த காலம் நிற்கிறது. நீதிமன்றங்கள் திருத்துகின்றன, உண்மை. ஆனால் செலவு முழுவதும் சிறைப்பட்டவருடையது.

2004 செப்டம்பரில் பொடா ரத்தானது. அதே நாளில் அதன் பல பிரிவுகள் ஊபாவுக்குள் குடியேறின. மும்பைத் தாக்குதலுக்குப் பின், 2008 டிசம்பரில், ஜாமீனைப் பூட்டும் 43-டி(5) பிரிவு ஊபாவில் சேர்ந்தது. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும் கெடு 180 நாள்வரை நீண்டது. முன்ஜாமீன் கிடையாது. குற்றச்சாட்டு மேலோட்டமாகப் பார்க்க உண்மையென்று தோன்றினாலே நீதிபதி ஜாமீன் தரக் கூடாது. 2019 ஏப்ரலில் வாட்டாலி வழக்கின் தீர்ப்பு, அந்தக் கட்டத்தில் சாட்சியங்களை ஆழமாக எடைபோடக் கூடாது என்றது. 2021-இல் நஜீப் வழக்கில், விசாரணை முடிவில்லாமல் இழுத்தால் அரசியலமைப்பு நீதிமன்றங்கள் ஜாமீன் தரலாம் என்று உச்ச நீதிமன்றமே சற்று இளகியது. ஒரே பிரிவு, எந்த அமர்வு எந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. 2016 முதல் 2020 வரை ஊபா வழக்குகள் 5,027, அவற்றில் சேர்க்கப்பட்டோர் 24,134 பேர், அக்காலத்தில் தண்டனை பெற்றோர் 212, விடுதலையானோர் 386 என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ தீர்ப்புப் பெற்றவர்களே சில நூறு பேர்தான்.

நெல்லைவாசிக்கு இதில் தொலைவும் ஒரு தண்டனை. தமிழ்நாட்டில் என்.ஐ.ஏ. நடத்தும் வழக்குகள் பூந்தமல்லியில் விசாரிக்கப்படுகின்றன. மேலப்பாளையத்திலிருந்தோ ஏர்வாடியிலிருந்தோ ஒரு தாய் மகனை வாய்தா நாளில் பார்க்க வேண்டுமென்றால், முதல்நாள் இரவு நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்து, சுமார் 650 கிலோமீட்டர் கடந்து, காலையில் எழும்பூரில் இறங்கி, பூந்தமல்லிக்குப் பஸ் ஏற வேண்டும். வாய்தா தள்ளிப்போனால் அன்று இரவே திரும்ப வேண்டியதுதான்.

முன்முடிவு எப்படித் தடம் மாற்றக்கூடும், அதற்கு இடம்கொடுக்காத விசாரணை எங்கே கொண்டுசேர்க்கும் என்பதற்குத் தென்காசி உதாரணம். 2008 ஜனவரி 24-இல் அங்கே ஆர்.எஸ்.எஸ். அலுவலகத்திலும் பஸ் நிலையம் அருகிலும் குண்டுகள் வெடித்தன. ஊரின் சந்தேகம் ஒரு சமூகத்தின் பக்கம் திரும்பியது. சில நாள்களில் காவல்துறை கைது செய்ததோ இந்து அமைப்புகளோடு தொடர்புடையவர்களை. ஊராரின் சந்தேகத்தை வாங்கிக்கொள்ளாமல் தடயத்தைப் பின்தொடர்ந்த விசாரணை அது. ‘மேலோட்டமாக உண்மை’ என்பதே ஜாமீனை மறுக்கப் போதுமான அளவுகோலாக உள்ள சட்டத்தில், தொடக்கத்திலேயே தவறான ஆள் மாட்டிக்கொண்டால் அவர் வெளியே வரும் வழி மிகக் குறுகல்.

கூடங்குளத்தில் அணு உலைக்கு எதிராகப் போராடியவர்கள் மீது பயன்பட்டது ஊபா அல்ல. தேசத்துரோகமும் (124-ஏ), அரசுக்கு எதிராகப் போர் தொடுத்தலும் (121). ஆயினும் பயங்கரவாதச் சட்டங்களைக் கையாளும் முறை பொதுச் சட்டத்துக்குள் எப்படிப் படிகிறது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் மாவட்டத்தில் இல்லை. 2011 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மட்டும் 107 வழக்குகளில் 55,795 பேர் சேர்க்கப்பட்டதாகவும் அவர்களில் 6,800 பேர் மீது தேசத்துரோகக் குற்றச்சாட்டோ போர் தொடுத்த குற்றச்சாட்டோ சுமத்தப்பட்டதாகவும் மூத்த பத்திரிகையாளர் சாம் ராஜப்பாவின் 2012 அறிக்கை சொன்னது. இடிந்தகரையிலும் சுற்றுக் கிராமங்களிலும் உள்ள மொத்தத் தலைகளை எண்ணினாலும் அந்தத் தொகை எட்டுமா என்பது சந்தேகம். ஒருவரே பல வழக்குகளில் எண்ணப்பட்டதாலும், எஃப்.ஐ.ஆரில் நாலைந்து பெயர்களை எழுதி, கீழே ‘மற்றும் பலர்’ என்ற பாணியில் ஆயிரம், இரண்டாயிரம் என்று எண்ணைப் போட்டதாலும் வந்த தொகை அது.

‘மற்றும் பலர்’ என்பது வெற்றிடம். அதில் எப்போது வேண்டுமானாலும் யார் பெயரையும் நிரப்பலாம். கடற்கரைக் கிராமத்து இளைஞர் வளைகுடாவுக்கு மீன்பிடி வேலைக்குப் போக பாஸ்போர்ட் கேட்கிறார்; விசாரணைக்கு வரும் காவலர் ‘வழக்கு நிலுவை’ என்று எழுதுகிறார்; பயணம் நிற்கிறது. குற்றப்பத்திரிகை, சம்மன், தீர்ப்பு எதுவும் தேவைப்படவில்லை. 2013 மே 6-இல் அணு உலைக்கு அனுமதி தந்த தீர்ப்பிலேயே, போராடியவர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப்பெற முயலுமாறு உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. பல வழக்குகள் கைவிடப்பட்டன, எல்லாம் அல்ல. 1908-இன் தண்டப் போலீஸ் வரி ஊர்மீது விழுந்தது போலவே இந்த எஃப்.ஐ.ஆர்.களும் ஊர்மீது விழுந்தன.

2024 ஜூலை 1 முதல் பயங்கரவாதச் செயல் என்பது பொதுத் தண்டனைச் சட்டத்துக்குள்ளேயே, பாரதிய நியாய சன்ஹிதாவின் 113-ஆம் பிரிவாக, இடம்பிடித்துவிட்டது. வரையறை ஊபாவினுடையதை ஒட்டியே இருக்கிறது, நடைமுறைதான் வேறு. ஊபாவில் வழக்குத் தொடர அரசின் முன்அனுமதி வேண்டும், அதற்குமுன் தனி அதிகாரி ஒருவர் ஆவணங்களைப் பரிசீலிக்க வேண்டும். 113-இல் அந்தத் தடுப்பு இல்லை. ஊபாவின் ஜாமீன் பூட்டும் அதில் இல்லை. ஒரே செயலுக்கு இரு பாதைகள். எதில் வழக்குப் பதிவது என்பதை எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி முடிவு செய்வார் என்று அப்பிரிவின் விளக்கக் குறிப்பு கூறுகிறது. பாபநாசத்திலிருந்து கடற்கரைவரை எந்தக் காவல் நிலையத்தில் வழக்கு வந்தாலும், ஒருவர்மீது ஜாமீன் பூட்டு விழுமா என்பது அந்த ஒரு மேசையில் தீர்மானமாகும். எதன் அடிப்படையில் தேர்வுசெய்ய வேண்டும் என்று சட்டம் ஒரு வரிகூடச் சொல்லவில்லை.