ஆர்.ஓ. யாருக்கு வேண்டும்?

ஆர்.ஓ. மெஷின் விற்க வருபவர் பையிலிருந்து முதலில் எடுப்பது பேனா அளவில் ஒரு டி.டி.எஸ். மீட்டர். குழாய்த் தண்ணீரில் முக்கினால் 420 என்று காட்டும். அவர் கொண்டுவந்த பாட்டில் தண்ணீரில் 40. அடுத்து இரண்டு கண்ணாடி டம்ளர்களில் இரண்டு தண்ணீரையும் ஊற்றி, கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கருவியை இறக்கி, பிளக்கைச் சொருகுவார். கொஞ்ச நேரத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பேறி, சேறுபோலத் திரண்டுவிடும். அவருடைய தண்ணீர் இலேசாக மஞ்சளிப்பதோடு நின்றுகொள்ளும். “இதைத்தாம்மா புள்ளைக்குக் குடுத்துட்டிருக்கீங்க” என்பார். அதற்குமேல் எந்தத் தாய் பேரம் பேசுவாள்?

அந்தச் சேறு தண்ணீரில் இருந்ததே இல்லை. கருவியின் கம்பிகளில் ஒன்று இரும்பு, மற்றது அலுமினியம். உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும், இரும்பு கரையும், துருவாகத் திரளும். உப்பு நீங்கிய தண்ணீரில் மின்சாரம் அதிகம் பாய வழியில்லாததால் கம்பி அவ்வளவாகக் கரைவதில்லை. அவருடைய பாட்டில் தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி பிளக்கைச் சொருகச் சொல்லுங்கள், அதுவும் கருக்கும்.

கம்பிக் கருவி பித்தலாட்டம். மீட்டர் அப்படியில்லை. கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை அது ஓரளவு சரியாகவே சொல்கிறது. கால்சியம், மெக்னீசியம், குளோரைடு, பைகார்பனேட் எல்லாம் சேர்ந்த கூட்டுத்தொகை அது. காலராக் கிருமியோ டைபாய்டு கிருமியோ அதில் தெரியாது. சாக்கடை கசிந்து கலந்த குழாய்த் தண்ணீரும் மீட்டருக்கு ஏறக்குறைய அதே 420-தான். ஆர்சனிக்கும் தெரியாது: லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டினாலே ஆபத்து என்பது இந்தியத் தர நிர்ணயம், நூற்றுக்கணக்கில் எண்ணும் மீட்டரில் அது எங்கே அசையப்போகிறது? தண்ணீர் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை இந்தப் பேனாவிடம் ஒப்படைத்ததுதான் நம் வீடுகளில் நடந்திருக்கும் பெரிய தவறு என்பது என் கட்சி.

கிருமி ஒரு பகை, கரைந்திருக்கும் பொருள் வேறொரு பகை. ஒன்றுக்கு எடுக்கும் ஆயுதம் மற்றதற்கு உதவ வேண்டியதில்லை.

கிருமியை எதிர்க்க இதுவரை கண்டதில் மிக மலிவான ஆயுதம் குளோரின். 1908-இல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் ஜான் லீல் என்ற மருத்துவர் ஊர்த் தண்ணீர் முழுவதற்கும் குளோரின் சேர்க்க ஏற்பாடு செய்தார். விவகாரம் நீதிமன்றம் வரை போனது, தீர்ப்பு அவர் பக்கமே நின்றது. குளோரினை மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரித்துக் காட்டும் குணம், போட்ட இடத்தோடு அதன் வேலை முடியாமல் குழாயோடு கூடவே வருவது. காய்ச்சினாலும் புற ஊதா விளக்கில் காட்டினாலும் அந்த நேரத்துக் கிருமி சாகும். பிறகு கலப்பதற்குக் காவல் இல்லை. சென்னை போல விட்டுவிட்டுத் தண்ணீர் வரும் ஊரில் இது உயிர்நாடியான விஷயம். தண்ணீர் நின்றதும் குழாயில் அழுத்தம் இறங்கும், விரிசல் வழியாகச் சுற்றிலும் உள்ள கழிவு உள்ளே இழுக்கப்படும். அதை எதிர்கொள்ள, தெருக்கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500.

குற்றச்சாட்டுகளையும் கேட்க வேண்டும். 1974-இல் நெதர்லாந்தின் யோஹன்னஸ் ரூக், தண்ணீரில் உள்ள அழுகிய தழை, மட்கு போன்றவற்றோடு குளோரின் சேர்ந்தால் டிரைஹேலோமீத்தேன்கள் உண்டாவதைக் கண்டுபிடித்தார். நெடுங்காலம் அதிக அளவில் உட்கொண்டால் புற்றுநோய் வரலாம் என்ற அச்சம் அர்த்தமற்றதல்ல. அதற்கு மருந்து, படிகாரம் போட்டுக் கலங்கலைத் திரளவைத்து, படியவிட்டு, மணலில் வடித்த பிறகே குளோரின் சேர்ப்பது. மட்கு குறைந்தால் அந்த வேதிப்பொருளும் குறையும். நம் பாட்டிமார் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் தேய்த்துக் கலங்கலை அடக்கியதும் இந்த முதல் படிதான். அதோடு நிறுத்தினால் தண்ணீர் தெளியும், கிருமி போதுமான அளவு போகாது. இரண்டாவது குற்றச்சாட்டு இன்னும் கனமானது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினுக்கு அசையாது. 1993-இல் மில்வாக்கி நகரில் அது குழாய்வழி பரவி, ஏறத்தாழ 4 லட்சம் பேரை வயிற்றுப்போக்கில் தள்ளியது. நல்ல வடிகட்டலும் காய்ச்சுதலும் அதற்குப் பதில்.

ஆனால் நம் ஊரில் குளோரின் தோற்பது இந்தக் காரணங்களால் அல்ல. பஞ்சாயத்தின் 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் 60 கிராம் குளோரின் வேண்டும். 25 சதவீதம் வீரியமுள்ள ப்ளீச்சிங் பவுடர் என்றால் 240 கிராம். டேங்க் ஆபரேட்டர் அதை வாளியில் கரைத்து, சுண்ணாம்பைப் படியவிட்டு, தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் விட்டுத்தான் திறக்க வேண்டும். பவுடர் மூட்டை வாய் பிரிந்தபடி வெக்கையிலும் ஈரத்திலும் கிடந்தால் வீரியம் பறந்துபோகும். அது 10 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால், அதே 240 கிராம் தருவது லிட்டருக்கு 0.8 மில்லிகிராம்தான், தண்ணீரில் உள்ள அழுக்கே அதைத் தின்றுவிடும், கடைசித் தெருவுக்கு ஒன்றும் மிஞ்சாது. பதிவேட்டில் 240 கிராம் என்றே இருக்கும். ஒரு சொட்டு ஆர்த்தோ டாலிடினை விட்டுப் பார்த்தால், குளோரின் இருக்கும் தண்ணீர் மஞ்சளாகும்; இல்லாவிட்டால் அப்படியே நிற்கும். இவ்வளவு எளிய சோதனையைக் கடைசிக் குழாயில் செய்யாமல் தொட்டியடியில் செய்து எழுதிக்கொள்வதில் பயனில்லை.

இனி ஆர்.ஓ. பக்கம். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிபோர்னியாவில் சிட்னி லோப் என்பவரும் இந்தியாவில் பிறந்த எஸ். சௌரிராஜனும் உருவாக்கிய சவ்விலிருந்து வளர்ந்தது இது. உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்சனிக் எல்லாவற்றையும் பெருமளவு பிடித்து நிறுத்தும் இதற்கு இணையாக வீட்டில் வைக்கத்தக்க வேறொன்று இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் ஃபுளோரைடால் பல் கறைபட்டு, எலும்பு வளைந்த மனிதர்களை நினைத்தால், இதை வெறும் வியாபாரம் என்று ஒதுக்க முடியாது. அங்கே காய்ச்சுவது கெடுதல்கூட: நீர் ஆவியாகும், ஃபுளோரைடு அடர்ந்து நிற்கும்.

ஏரித் தண்ணீரைச் சுத்திகரித்துத் தரும் மெட்ரோ வாட்டர் குழாயில் அதே மெஷினை மாட்டும்போது நடப்பது வேறு. குளோரின் பட்டால் சவ்வு கெடும் என்பதால், முன்னால் இருக்கும் கரி வடிகட்டி அதை முதலில் உறிஞ்சிவிடுகிறது. காவலாளியை வாசலிலேயே அனுப்பிவிட்டு, வடித்த தண்ணீரைக் காவலில்லாத தொட்டியில் சேர்த்துவைக்கிறோம். சவ்வை உரிய காலத்தில் மாற்றாத வீட்டில் அந்தத் தொட்டியே கிருமி வளரும் இடமாகலாம். உடம்புக்கு வேண்டிய கால்சியமும் மெக்னீசியமும் போகின்றன. சாதாரண வீட்டு மெஷின் ஒரு லிட்டருக்கு மூன்று லிட்டரை வேஸ்ட் பைப்பில் விடுகிறது என்றால், நாளுக்கு 15 லிட்டர் எடுக்கும் குடும்பம் 45 லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊரில் இதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டி.டி.எஸ். 500-க்குக் குறைந்த இடங்களில் ஆர்.ஓ.வைத் தடைசெய்யச் சொன்னது. மற்ற இடங்களில் 60 சதவீதத் தண்ணீராவது குடிக்கக் கிடைக்க வேண்டும் என்றது. நோக்கத்தை வரவேற்கிறேன். ஆனால் தீர்ப்பாயமும் அதே பேனாவையே அளவுகோலாக எடுத்தது. 500-க்குக் கீழே ஆர்சனிக் இருக்கலாம். 500-க்கு மேலே வெறும் கடினத்தன்மை மட்டும் இருக்கலாம். ஐ.எஸ். 10500 வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது என்பதை விற்பனையாளர் சொல்வதே இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. சுத்திகரித்த ஆற்று, ஏரித் தண்ணீர் வரும் வீட்டுக்கு ஆர்.ஓ. வேண்டாம், கொதிக்கவைத்து, கை படாமல் குழாய் வைத்த பாத்திரத்தில் மூடிவைத்தால் போதும். போர் தண்ணீரை நம்பியிருப்பவர்கள் மெஷினுக்கு முன் ஆய்வகத்துக்குப் போக வேண்டும், லிட்டருக்கு ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமையோ நைட்ரேட் 45-ஐயோ தாண்டினால் ஆர்.ஓ. நியாயமானது. ஊர் முழுக்க அந்த நிலை என்றால் வீட்டுக்கு வீடு மெஷின் விற்பதைவிட நல்ல நீரைக் கொண்டுவருவதே முறை. 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் காவிரியைத் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுபோனது இதற்காகத்தான். நீர் எட்டாத கிராமத்தில் பொது ஆர்.ஓ. நிலையம் வைக்கலாம், ஆனால் அது வெளியேற்றும், ஃபுளோரைடு அடர்ந்த கழிவுநீரை அதே மண்ணில் விட்டால் பக்கத்துக் கிணறுகளில் பிரச்சினை கூடும். அந்தக் கழிவு எங்கே போகிறது என்று கேட்காமல் எந்தப் பஞ்சாயத்தும் நிலையத்துக்குக் கையெழுத்துப் போடக் கூடாது.