கத்தி படாமல் திறக்கும் சிப்பி

லூசியானா கடற்கரையில் சிப்பி திறக்க நெடுங்காலம் குட்டைக் கத்தியும் பழகிய மணிக்கட்டும்தான் வழக்கமான வழி. 1990களின் கடைசியில் இன்னொரு வழி வந்தது. சிப்பிகளை நீர் நிரம்பிய எஃகு உருளைக்குள் வைத்து, சில நிமிடங்கள் சுமார் 2,500 முதல் 3,000 வளிமண்டல அழுத்தம் கொடுக்கிறார்கள். மரியானா அகழியின் அடியில்கூட ஏறத்தாழ 1,100தான்! ஆனாலும் ஓடு நொறுங்காது. அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் விழுகிறது.

உள்ளே நடப்பதுதான் அழகு. இரண்டு ஓடுகளையும் இறுக்கிப் பிடித்திருக்கும் தசையின் புரதங்கள் மடிப்புக் கலைகின்றன. தசை ஓட்டைவிட்டுத் தானே கழல்கிறது. சாறு சிந்தாதிருக்க முன்கூட்டியே ஓடுகளைச் சுற்றி ஒரு பட்டை போட்டுவிடுவார்கள். அமினோ அமிலங்களைக் கோத்திருக்கும் வலுவான பிணைப்புகளை அழுத்தம் தொடுவதில்லை. புரதத்தை மடித்து வைத்திருக்கும் மெல்லிய ஈர்ப்புகளே குலைகின்றன. சுவை தரும் சிறு மூலக்கூறுகளும் தப்பிவிடுவதால் கடலின் உப்புமணம் அப்படியே நாக்கில் ஏறும். பச்சையாகத் தின்பவர்களை அச்சுறுத்தும் விப்ரியோ கிருமிகளோ பெருமளவு மடிகின்றன.

அழுத்தம் மிகுந்தால் சதை வெளுத்து இறுகிவிடும். எந்த அளவில் நிறுத்துவது என்று அறிவதையே இதன் கைத்திறனாக நினைக்கிறேன். சிங்கி இறாலுக்கும் இதே முறை உண்டு: வேகாத சதை, கொடுக்கின் வடிவம் மாறாமல், முழுதாக வெளியே வருகிறது.