'உம்' போட்டு எழுதப்படும் மனிதர்கள்

தமிழ் எம்.ஏ. படித்த யாருக்கும் இந்தக் கேள்வி மறந்திருக்காது: இன்ன பாத்திரத்தின் பண்புநலன்களைத் தொகுத்தெழுதுக. கண்ணகி என்றால் கற்பு, பொறுமை, சினம். மாதவி என்றால் கணிகையர் குலத்தில் பிறந்தும் கற்பு. இந்தப் 'பிறந்தும்' இல்லாத நோட்ஸ் கிடையாது. இழிந்த இடத்தில் உயர்ந்த சரக்கு அகப்பட்டுவிட்டதே என்கிற ஆச்சரியம் அந்த 'உம்'மில் உட்கார்ந்திருக்கிறது. இழிவு சிறப்பும்மைக்கு நம் வகுப்பறைவரை வந்து சேர்ந்திருக்கும் பழைய எடுத்துக்காட்டு, புலையன் என்ற சொல்லோடுதான் 'உம்'மை ஒட்டிக் காட்டுகிறது. இலக்கணம் சாதி பார்க்காது என்று பேசுகிறவர்கள் அதை ஒருதரம் எடுத்துப் பார்க்கலாம்.

பரீட்சை முடிந்து வெளியே வந்தால் கையில் மாற்றுச் சான்றிதழ். அதில் சாதிக்கு ஒரு வரி. ஒழுக்கத்துக்கும் பண்புக்கும் இன்னொரு வரி. ஒரே தாளில், ஒரே தலைமையாசிரியர் கையெழுத்தின் கீழ். இரண்டும் பக்கம் பக்கமாக இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. குறளின் ஒழிபியலை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அதிகாரம் குடிமை. அடுத்தது மானம். கடைசி கயமை. குடிமை என்பதற்கு நல்ல குடிமகனின் இயல்பு என்று இன்று நாம் என்ன உரை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். பரிமேலழகர் ஒளிக்கவில்லை, உயர்ந்த குடியில் பிறந்தாருடைய தன்மை என்றே உரை சொல்கிறார். பிறப்பு முன்னால் போகிறது, மானம் அதன் பின்னால் நடந்துவருகிறது. மயிர் உதிர்ந்தால் உயிரை விடுகிற கவரிமாவை உவமையாகக் காட்டும்போதும், உதிர்வதற்கு முதலில் மயிர் இருந்தாக வேண்டும் அல்லவா? இழப்பதற்கு 'மானம்' என்ற ஒன்று தனக்கு இருப்பதாகவே ஊர் ஒப்புக்கொள்ளாத ஆள் என்ன செய்வது? 1925இல் கிளம்பிய இயக்கம் 'மானம்' என்று மட்டும் நின்றுவிடாமல் 'சுயமரியாதை' என்று பெயர் வைத்துக்கொண்டதை நான் இந்த இடத்தில் வைத்துத்தான் வாசிக்கிறேன். மானத்தை அளக்கிறவன் எதிரே நிற்கிறான். சுயமரியாதைக்கு எதிரே ஆள் வேண்டியதில்லை.

அரசு இதையே சட்டமாக எழுதியது. 1871இல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் மாற்றி எழுதப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். ஒரு ஆள் என்ன செய்தான் என்பது அங்கே விசாரணையே இல்லை. எந்தச் சாதியில் பிறந்தான் என்பதிலேயே குணம் எழுதி முடிக்கப்பட்டுவிட்டது. ராத்திரி போலீஸ் கண்ணெதிரில் படுக்க வேண்டும், ஊர்விட்டு ஊர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் சுடப்பட்டார்கள். சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுக்க 1952இலும்தான் சட்டம் தொலைந்தது. (அந்தச் சாதிகளில் சில இன்றைக்குத் தலித்துகளுக்கு என்ன சான்றிதழ் எழுதிக்கொண்டிருக்கின்றன என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

நம் நவீன இலக்கியம் இந்தச் சான்றிதழை எதிர்த்தது என்று சொல்லிக்கொள்கிறோம். எதிர்த்தது, உண்மைதான். எப்படி எதிர்த்தது என்பதில்தான் எனக்குத் தகராறு.

ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வந்து பெரிய கலாட்டா ஆனது. மழையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரிப் பெண், ஒரு கார், அதில் வந்தவன். வீட்டுக்கு வந்து அவள் சொன்னதும் தாய் அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, எல்லாம் கழுவிப் போயிற்று என்று சொல்லிவிடுகிறாள். கலாட்டா செய்தவர்களை விடுங்கள், அவர்களுக்கு அந்தத் தண்ணீரே பொறுக்கவில்லை. ஆதரித்தவர்களும் கேட்காத ஒன்று உண்டு: கழுவுவதற்கு அங்கே அழுக்கு எது? தாய் மன்னிக்கிறாள் என்றால் குற்றம் இருந்திருக்கிறது. பிரதி அந்த மன்னிப்புக்காக முதல் வரியிலிருந்தே உழைக்கிறது. பெண் குழந்தைமாதிரி, உலகம் தெரியாதவள், மழை கொட்டுகிறது, பஸ்கள் போய்விட்டன. இத்தனையும் தள்ளுபடிக்கான காரணங்கள். அவள் கொஞ்சம் விவரமானவளாக, கொஞ்சம் ஆசையோடு ஏறியிருந்தால் அந்தக் குடத்துத் தண்ணீர் கிடைத்திருக்குமா? கருணையும் ஒரு தீர்ப்புதான். கொஞ்சம் நல்ல நீதிபதி, அவ்வளவு.

இதை ஜெயகாந்தனே உணர்ந்திருப்பார் என்று நினைக்கிறேன். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' (1970) நாவலில் அந்தக் கதை ஒரு எழுத்தாளர் பத்திரிகையில் எழுதிய கதையாகி விடுகிறது. நாவலின் தாய் தண்ணீர் ஊற்றவில்லை, ஊரைக் கூட்டிவிட்டாள். கங்கா படித்தாள், வேலைக்குப் போனாள், சொந்தச் சம்பளத்தில் நிற்கிறாள். ஆனாலும் 'கெட்டுப்போனவள்' என்ற பெயர் கழலவில்லை. அப்போது அவள் செய்கிற காரியம்தான் நம் இலக்கியத்தில் அபூர்வம். மாமாவின் ஏச்சையே பிடித்துக்கொண்டு, பன்னிரண்டு வருஷம் கழித்து அந்த ஆளைத் தேடிப் போகிறாள். கொடுத்த பட்டத்தைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டு, இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று நிற்கிறாள். நிரபராதி என்று நிரூபிக்கிற வேலையை விட்டுவிட்ட பெண் அவள். சாகித்ய அக்காதெமி 1972இல் பரிசு கொடுத்தது. சமூகம் கங்காவை மன்னித்ததாக அதற்கு அர்த்தமில்லை. நாவலும் மன்னிப்பு கேட்கவில்லை.

அதற்கும் முன்னால், 1934இல் மணிக்கொடியில், புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்'. ஆலையில் வேலைபார்க்கும் அம்மாளு, அடிபட்டுக் கிடக்கும் ஜட்காக்காரப் புருஷன், அவனுடைய பால்கஞ்சிக்கு வேண்டிய காசு. கடைசியில் கதைசொல்லி நம் பக்கம் திரும்பிக் கற்பு பேசுகிறவர்களை ஒரு அறை அறைகிறார். அறை சரியான கன்னத்தில்தான் விழுகிறது. ஆனால் அம்மாளு எங்கே? அவளுக்கு இதெல்லாம் என்னவாக இருந்தது? கதை அவளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, வழக்கு முடிந்ததும் இறக்கிவிட்டு விடுகிறது. அதுவும் புருஷனுக்கான கஞ்சி என்பதால்தான் வழக்கு ஜெயிக்கிறது. ஒரு சேலைக்காகப் போயிருந்தால் நம் முற்போக்கு வாசகர்களில் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். இங்கேயும் அந்த 'உம்' இருக்கிறது: சந்துக்குள் போயும் பத்தினி.

ஜி. நாகராஜனிடம்தான் இந்த 'உம்' இல்லை. 'நாளை மற்றுமொரு நாளே' (1974) கந்தனின் ஒருநாள் கதை. குடிப்பான், தரகு பார்ப்பான், அடிதடி உண்டு. மனைவி மீனா தொழில் செய்கிறவள். ஏன் இப்படி ஆனான் என்று பிரதி நமக்கு விளக்கம் கொடுத்துக்கொண்டிருப்பதில்லை. உள்ளுக்குள் தங்கமான மனுஷன் என்று சிபாரிசும் இல்லை. கந்தனுக்குத் தன்னைப் பற்றி ஒரு மதிப்பு இருக்கிறது. அதற்கு எந்தக் குணமும் ஆதாரமாக வைக்கப்படவில்லை. நல்லவனா கெட்டவனா என்று கேட்டுக்கொண்டே படிக்கிற வாசகர்தான் அங்கே தடுமாறிப் போகிறார். இந்த விடுதலை மீனாவுக்கு முழுசாகக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவளைப் பெரும்பாலும் கந்தனுடைய கவலை வழியாகத்தான் பார்க்கிறோம். நாகராஜனுக்கும் ஒரு எல்லை இருந்தது, அது ஆணின் எல்லை.

இனி நம் வீட்டுக் கதை. 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தபோது நடந்த சண்டை பலருக்கு ஞாபகமிருக்கும். ஆரோக்கியம் பறத்தெருவுக்கு வெளுக்கிற வண்ணாத்தி. ராச்சோறு வாங்கப் போகிறாள், களத்தில் தன் பங்குக்கு நிற்கிறாள், பிள்ளைப்பேறு பார்க்கிறாள், சாவு வீட்டில் செய்ய வேண்டியதைச் செய்கிறாள். அந்த வேலையைத் தன்னைவிட்டால் யார் செய்வார் என்கிற பெருமையும் அவளுக்கு உண்டு. தலித்துகளைத் தலித்துகளுக்கு எதிராக நிறுத்துகிறது, அடிமைத்தனத்தைப் புனிதப்படுத்துகிறது என்று எழுதினோம், பேசினோம். முதல் குற்றச்சாட்டில் எனக்கு உடன்பாடில்லை. தெருவுக்குள்ளேயே தராசு இருக்கிறது என்றால் அதை எழுதத்தான் வேண்டும். இரண்டாவதில் விஷயம் இருக்கிறது. ஆனால் அதற்குள் இன்னொரு கோரிக்கையும் ஒளிந்திருந்தது: ஆரோக்கியம் ஏன் எதிர்த்து நிற்கவில்லை? போராளியாக வந்தால் சேர்த்துக்கொள்வோம் என்பது கற்புள்ளவளாக வந்தால் சேர்த்துக்கொள்வோம் என்பதிலிருந்து எவ்வளவு தூரம்? இயக்க நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடும். 'பாசிட்டிவ் பாத்திரம்' கேட்கிற விமர்சனமும் அந்தத் தலைமையாசிரியரின் நாற்காலியில் உட்கார்ந்துதான் கையெழுத்துப் போடுகிறது. ஆரோக்கியத்தின் பெருமையை ஏமாளித்தனம் என்று நாம் தள்ளியபோது, அவளுக்கு மிச்சமிருந்த ஒன்றையும் பிடுங்கினோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பாமாவின் 'கருக்கு' (1992) இந்தக் கையெழுத்தை நேராகவே காட்டுகிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஓடிப்போய்த் தென்னைமரத்தைத் தொட்டு விளையாடும்போது ஒரு குரும்பை விழுந்துவிடுகிறது. பழி சேரிப் பிள்ளைமேல். மறுநாள் எல்லோர் முன்னாலும் சாதியைச் சொல்லித் திட்டி வெளியே நிறுத்துகிறார்கள். உள்ளே வர வேண்டுமானால் சாமியாரிடம் கடிதம் வாங்கி வர வேண்டும். சேரிக்காரிதானே, செய்திருப்பாய் என்பது சாமியாரின் முடிவு. இதை மட்டும் வைத்து, நான் எடுக்கவில்லை, எங்கள் சனம் நல்ல சனம் என்று ஒரு வாதப் புத்தகத்தைப் பாமா எழுதியிருக்கலாம். பரிதாபம் நிறையக் கிடைத்திருக்கும். 'கருக்கு' அந்த வழியில் போகவில்லை. தெருவில் நடக்கிற சண்டை, வசவு, குடி, புருஷன் பெண்டாட்டியை அடிக்கிறது எல்லாம் மறைக்காமல் வருகின்றன, அதே தெருப் பேச்சில், சிரிப்போடு. நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று பயந்து ஒரு வாக்கியம்கூட ஒதுங்கி நிற்கவில்லை.

அதில் ஒரு இடம். சாதிக் கலவரத்துக்குப் பிறகு போலீஸ் தெருவுக்குள் புகுந்து ஆம்பளைகளைத் தேடி அடிக்கிறது. ஆம்பளைகள் ஓடி ஒளிந்திருக்கிறார்கள். அந்தச் சமயத்தில் ஒரு பையன் செத்துப்போகிறான். ஒளிந்திருக்கும் தகப்பனுக்குப் பெண்கள் சேலை கட்டிவிட்டு, போலீஸ் கண்ணெதிரிலேயே, தங்களோடு சேர்த்துக் கூட்டிப்போய்ப் பிள்ளையைப் பார்க்க வைக்கிறார்கள். ஊர் மானத்தின் அகராதியில் ஆம்பளை சேலை கட்டுவதைவிடக் கேவலமில்லை. பாமா அதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. தகப்பன் போனான், பார்த்தான், பிள்ளையைப் புதைத்தார்கள்.